இரண்டு மணித் தண்ணீர்

இன்னும் ஒன்று. இந்த ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு வைத்துவிடுகிறேன். சுவிஸிலிருந்து ஒரு அக்கா, 'தங்கச்சி, உங்களுக்குப் பின்னால் நடந்து வருகிற வெள்ளைப் பறவைக்கு என்ன பெயர்?' என்று கேட்டிருக்கிறா. அதைக் கண்டும் காணாதது போல எழும்பிப் போனால் நான் என்ன மனுசி? வெறும் கொக்கு என்று எழுதினால் மரியாதை இல்லை. கொக்கு அவவுக்குத் தெரியாதா? உண்ணிக்கொக்கு. மாட்டிலே உண்ணி பொறுக்குகிற கொக்கு. அதை எழுதிவிட்டு எழும்புகிறேன். நேரம் இருக்கிறது.

சிவரூபி உண்ணிக்கொக்கு என்று எழுதினாள். அதற்குள் கீழே இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கைதட்டியிருந்தார். ஒருவர், தன் அப்பாவுக்கும் இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி இருந்தது என்று நீளமாக எழுதியிருந்தார். மூன்றாமவர் 'வயல் மகாராணிக்கு வணக்கம்' என்று போட்டிருந்தார். மகாராணி என்ற சொல்லை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

காலையில் வரம்பில் நடந்தபடி எடுத்த ஒரு நிமிடக் காணொளி அது. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருந்தது. பயிரின் பச்சைக்கு நடுவே அந்தக் கொக்குகள் அவளுக்குப் பின்னால் ஏதோ கூட்டத்துக்குப் போவதுபோல வரிசையாக வந்துகொண்டிருந்தன. வழக்கமாக இருநூறு பேர் எட்டிப் பார்க்கிற பக்கம் அவளுடையது. மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தபோது பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அப்போது நேரம் ஒன்று பத்து. ஒன்றே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தால் இரண்டு மணிக்கு வாய்க்கால் வாசலில் நிற்கலாம்.

திரையின் மேல் மூலையில் நேரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கண் அந்த மூலைக்குப் போகவில்லை. இடையில் இரண்டு முறை 'அன்னம் அக்கா' என்று ஓர் அழைப்பு மேலிருந்து வந்து விழுந்து, வாசித்துக்கொண்டிருந்த வரியை மறைத்தது. இரண்டு முறையும் நுளம்பைத் தட்டுவதுபோல விரலால் அதை மேலே தள்ளிவிட்டாள். கடைசியில் பற்றரி முடியப்போகிறது என்று ஃபோன் சொன்னபோதுதான் நேரத்தைப் பார்த்தாள்.

மூன்று ஐம்பது.

சைக்கிளை எடுத்தது, படலையைத் திறந்தது, பிள்ளையார் கோயிலைத் தாண்டியது எதுவும் பிறகு அவளுக்கு நினைவில் இல்லை. இடுப்பில் செருகியிருந்த பூட்டுத் திறப்பு ஒவ்வொரு மிதிக்கும் வயிற்றில் குத்தியது மட்டும் நினைவிருந்தது.

கோடையில் விளையும் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஏழாம் வாய்க்காலுக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை, பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. ஆறு மணிக்கு அது எட்டாம் வாய்க்காலின் தண்ணீர். வாசலில் சில்லு என்கிற கைச்சக்கரத்தைத் திருப்பி உயர்த்துகிற இரும்புப் பலகை ஒன்றும் அதற்கொரு பூட்டும் உண்டு. திறப்பு வாய்க்கால் பொறுப்பாளியின் கையில், ஏழாவதற்கு அது சிவரூபி. பலகை உயரும்போது, வாய்க்காலின் தலையிலுள்ள காணிக்காரர் வரம்பில் தண்ணீர் நுழைகிற தங்கள் வக்கடையை மண் போட்டு அடைத்துவைத்திருக்க வேண்டும். தண்ணீர் முதலில் கடைசிக் காணிக்குப் போகும். அது நிறைந்த பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது என்று கடையிலிருந்து தலைக்கு ஏறிவரும். வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. தலையிலுள்ளவன் கையை நீட்டினால் தண்ணீர், கடையிலுள்ளவனுக்கு ஒழுங்கு ஒன்றுதான் துணை.

அந்த ஒழுங்குக்கு ஒரு பலவீனம் இருந்தது. பலகை நேரத்துக்குத் திறக்கும் என்று எல்லோரும் நம்பும் வரைதான் அது நிற்கும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆறேழு பேர் வாசலில் நின்றார்கள். முன்னுக்கு அன்னபாக்கியம், இரண்டு கையையும் இடுப்பில் வைத்தபடி. கடைசிக் காணி அவருடையது. அறுபதுக்குக் கிட்டிய வயது. மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லாத மனுசி.

"வாங்கோ மகாராணி, வாங்கோ. குறை நினையாதேங்கோ, கம்பளம் விரிக்க மறந்துபோனம்."

"அன்னம் அக்கா, நான்..."

"ரெண்டு இருவதுக்கு சுவிஸ்காரிக்குக் கொக்குக்குப் பேர் சொல்லிக்கொண்டிருந்தவா," என்றான் முத்துலிங்கம். தலையிலிருந்து இரண்டாவது காணி அவனுடையது. "நான் பாத்தனான்."

"பாத்தனீயெண்டால் நீயும் உதுக்குள்ளைதானே கிடந்தனீ? அவளுக்கு எழுதியிருக்கலாமே, எழும்பி வா எண்டு!"

"வாய்க்கால் குறூப்பிலை போட்டனான் அக்கா."

"உன்ரை குறூப். நீ காலமை போட்ட ரோசாப்பூவுக்குக் கீழை ஆர் கிண்டிப் பாக்கிறது?"

யாரோ சிரித்தார்கள். சிவரூபி திறப்பைப் போட்டாள், பூட்டு இரண்டாம் முறைதான் திறந்தது. பலகையை உயர்த்தினாள். தண்ணீர் இறங்கியது. ஆனால் அதற்குள் தலைக்காணிக்காரர் தங்கள் வக்கடைகளை வெட்டிவிட்டிருந்தார்கள். இன்றைக்கு இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில் தண்ணீர் கடைக் காணிக்குப் போய் எப்போது திரும்பிவரும் என்று அவர்கள் கணக்குப் பார்த்துவிட்டார்கள். "அடையுங்கோ, ஒழுங்கு கடையிலையிருந்து" என்று அவள் வரம்பில் ஓடிச் சொன்னாள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருவரும் அடைக்கவுமில்லை. தன் குரலுக்கு அந்தப் பின்னேரம் எடை இல்லை என்பதை அவள் தன் காதாலேயே கேட்டாள்.

ஆறு மணிக்குப் பலகையை இறக்கினாள். அன்னபாக்கியத்தின் காணிக்குள் தண்ணீர் ஒரு மூலை நனையும் அளவுக்குக்கூட வரவில்லை. குடலைப் பருவத்தில் காய்ந்த நெல், கதிர் தள்ளும்போது மணியில்லாத சப்பியாகத்தான் தள்ளும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்னபாக்கியம் வெடித்திருந்த மண்ணுக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கூடியது. தலைவர் ஐயாத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் இரண்டாம் தலைமுறை. பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உள்ளவர். துடைத்தார்.

"பிள்ளை, என்ன நடந்தது?"

வரும் வழியில் அவள் மூன்று பொய்களை ஆயத்தம் செய்திருந்தாள். சைக்கிள் காற்றுப் போனது. மகள் தேனுகாவுக்குக் காய்ச்சல். பூட்டுத் துருப்பிடித்திருந்தது. மூன்றும் நல்ல பொய்கள். எழுந்து நின்றபோது, அந்த இரண்டு அழைப்புகளையும் தள்ளிவிட்ட விரல்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பொய் சொன்னால் அந்த விரலோடு ஆயுள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டிவரும் என்று தோன்றியது.

"ஃபோனிலை இருந்தனான் ஐயா. வேறை ஒண்டும் இல்லை. அன்னம் அக்கா ரெண்டு தரம் எடுத்தவா. அதையும் தள்ளிவிட்டிட்டன்."

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மெதுவாக, ஆனால் கேட்க வேண்டும் என்றே வந்தது. "தோட்டத்திலையிருந்து வந்ததுகளிட்டைப் பொறுப்பைக் குடுத்தால்..."

குரல் அதற்கு மேல் போகவில்லை. போகத் தேவையுமில்லை. சிவரூபியின் அப்பா பொன்னையா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர். முப்பது வருசம் மற்றவர்களின் வரம்பை வெட்டினார், மற்றவர்களின் வாய்க்காலைத் துப்புரவாக்கினார். எந்த வாய்க்காலின் திறப்பும் அவர் கைக்கு வந்ததில்லை. ஒன்றரை ஏக்கர் காணியை எழுதி வாங்கியது சிவரூபியின் காலத்தில். போன வருசம் இந்தப் பொறுப்புக்கு அவள் பெயரைச் சொன்னபோது ஐயாத்துரை சொன்ன காரணமும் அவளுக்கு நினைவிருந்தது. 'பிள்ளை ஃபோனிலை கெட்டிக்காரி. குறூப்பிலை நேரத்தைப் போட்டுவிடுவாள்.' ஃபோனால் வந்த திறப்பு ஃபோனாலேயே போகப்போகிறது.

ஐயாத்துரை கண்ணாடியை மாட்டினார். "இந்தப் போகம் முடியுமட்டும் நீயே பார். முடிவுக் கூட்டத்திலை கதைப்பம், ஏழாம் வாய்க்கால் ஆரிட்டை எண்டு."

அன்றைக்கே பக்கத்தை மூடிவிட்டாள். இரண்டாம் நாள் மீண்டும் திறந்தாள். திறந்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டே ஒரு மணித்தியாலம் பார்த்தாள். திட்டிக்கொண்டு பார்ப்பதும் பார்ப்பதுதான்.

அவளுடைய கணவன் ஜனார்த்தனன் ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு ஓமந்தைக்கும் வவுனியாவுக்கும் போகிற லொறியில் சாரதி. பின்னேரம் வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ளை நேரம் காட்டுற இடம் ஒண்டு இருக்கு, பாத்தனீயோ? ஒரு நாளைக்கு எவ்வளவு பாக்கிறம் எண்டு. எங்கடை கிளீனர் பெடியன் காட்டினவன். நான் என்ரையைப் பாத்திட்டு மூடிப்போட்டன்," என்றான்.

அவள் தேடிக் கண்டுபிடித்தாள். நாளுக்குச் சராசரி நான்கு மணித்தியாலம் பதினொரு நிமிடம்.

நான்கு மணித்தியாலம். ஏழாம் வாய்க்காலின் ஒரு முழு முறை. பதினொரு காணி நனைகிற நேரம். வாய்க்காலுக்கு அது ஐந்து நாளுக்கு ஒருக்கா கிடைக்கிறது, அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால். தான் அதை ஒவ்வொரு நாளும் திறந்துவிட்டிருக்கிறேன் என்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். எந்தக் காணி நனைந்தது?

அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் தேட அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. நனைந்தது எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியவில்லை. அங்கே யாரும் 'நீ ஆரின்ரை மகள், எவடத்து ஆக்கள்' என்று கேட்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள், வயலைப் பார்க்கிறார்கள், மகாராணி என்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே காத்திருந்தாள்போல. அதற்காகவா மறுபடி மறுபடி எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டபோது வெட்கமாகவும் இருந்தது, தன்மேல் இரக்கமாகவும் இருந்தது. தாகத்தைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வக்கடையை அடைக்காமல் விட்டதுதான் பிழை.

ஆகவே ஃபோனுக்கும் முறை வைத்தாள். காலை ஆறரையிலிருந்து ஏழு. பின்னேரம் ஏழிலிருந்து ஏழரை. மற்ற நேரமெல்லாம் அது அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில், சத்தம் அடைக்கப்பட்டுக் கிடந்தது. அழைப்புகளுக்கு ஜனார்த்தனனின் பழைய பட்டன் ஃபோனை எடுத்துக்கொண்டாள். அதில் கதைக்கலாம், கேட்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. அன்னபாக்கியத்தின் இலக்கத்தைத்தான் முதலில் அதில் பதிந்தாள்.

அரை மணித்தியாலத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. முதல் நாள் பக்கத்தைத் திறந்தாள். பாராட்டுகளில் தொடங்கினாள். ஏழு மணி வந்துவிட்டது. ஓமந்தையில் இருக்கிற தங்கச்சி தன் பிள்ளையின் பல்லு விழுந்த படத்தை அனுப்பியிருந்தது பார்க்கப்படாமலே கிடந்தது. தேனுகாவின் வகுப்பு ஆசிரியை கேட்ட கேள்வியும் கிடந்தது. அடுத்த நாள் கடையிலிருந்து தொடங்கினாள். எப்போதும் கடைசியாக விடுபடுகிறவர்கள் முதலில். தங்கச்சி. ஆசிரியை. வாய்க்கால் குறூப். அதன் பிறகு நேரம் மிஞ்சினால் பக்கம். மிஞ்சாவிட்டால் அது அடுத்த முறை வரை காயட்டும்.

சில காய்ந்தே போயின. 'பெரிய ஆளாகிவிட்டீர்கள் போல, பதில் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்த நாளில் கை விறுவிறுத்தது. அலுமாரிக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே, எனக்கு முப்பத்தாறு வயது, நான் என் வீட்டு அலுமாரியைத் திறக்கப் பயந்து நிற்கிறேன் என்று எண்ணியதும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனார்த்தனனுக்கு இது நல்ல வேடிக்கை.

"ரூபி, உன்ரை முறை முடிஞ்சுதோ? முடிஞ்சால் எனக்குச் சோத்தைப் போடன்."

"இஞ்சேருங்கோ, உங்கடை காணி தலையிலை. கடைசியிலைதான் தண்ணி வரும்."

"அதுக்குள்ளை பயிர் செத்துப்போம்."

"சாகாது. நல்லாக் கொழுத்த பயிர்."

குறூப்பைத் திருத்துவது அதைவிடக் கடினமாக இருந்தது. பதினொரு காணிக்காரருக்கும் நேரம் அறிவிக்கத்தான் அவள் அதைத் தொடங்கினாள். ஆனால் அதில் விடிந்தால் ரோசாப்பூ, பொழுதுபட்டால் நிலா, நடுவில் ஏதோ ஒரு மூலிகையால் சலரோகம் மாறுகிற கதை. தண்ணீர் நேரம் மாறினால் அந்தச் செய்தி இதற்கெல்லாம் அடியில் போய்விடும். ஒரு நாள் வாய்க்கால் கரையிலே வைத்து நேராகச் சொன்னாள்.

"இனிக் குறூப்பிலை தண்ணி நேரம் மட்டும்தான். காலமை ஆறரைக்கு என்ரை குரலிலை ஒண்டு வரும். அதைக் கேட்டால் போதும். வேறை ஒண்டும் போடவேண்டாம்."

முத்துலிங்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ரை ரோசாவிலை என்ன குறை பிள்ளை?"

"குறை இல்லை அண்ணை. அது நல்லாத்தான் பூக்குது. தண்ணி நேரம்தான் அதுக்குக் கீழை தாண்டு போகுது."

"அப்ப தனித்தனியா அனுப்பட்டோ?"

"எனக்கு வேண்டாம்," என்றார் அன்னபாக்கியம். "என்ரை மாட்டுக்கு அனுப்பு. அதெண்டாலும் திண்ணும்."

அந்தப் பகிடிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அன்னபாக்கியம் சிவரூபியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சாதகமாகப் பேசியிருந்தார். சிவரூபி அதை அன்று முழுவதும் மனதுக்குள் வைத்திருந்தாள்.

அடுத்த முறைக்கு ஒன்றரை மணிக்கே வாசலுக்குப் போய்விட்டாள். இருக்க முடியவில்லை. கை தானாக இடுப்புக்குப் போய், ஃபோன் இல்லாத இடத்தைத் தடவிவிட்டு வந்தது. அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று ஐம்பதுக்குத் தலைக்காணிகளின் வக்கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அடைபடாதிருந்த ஒன்றின் முன் நின்றாள். சத்தம் போடவில்லை. காணிக்காரன் வந்து அடைக்கும் வரை நின்றாள். இரண்டு மணிக்குச் சில்லைத் திருப்பினாள். தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கால் ஓரமாகக் கடை வரை நடந்தாள். தண்ணீர் அன்னபாக்கியத்தின் காணிக்குள் நுழைந்து, வெடிப்புகளுக்குள் இறங்கி, குமிழி விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்னபாக்கியம், "ம்," என்றார். அவ்வளவுதான்.

அதற்கடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்ததும். நான்காவது முறையில், அவள் சைக்கிளில் வருவதைத் தூரத்திலிருந்து கண்ட யாரோ, "சிவரூபி வாறா. வக்கடையைக் கட்டுங்கோடா," என்று கத்தியது காற்றில் கேட்டது. அவள் வாய் திறக்கவேயில்லை. வருவதைக் கண்டதற்கே மண்வெட்டிகள் எழுந்தன.

அன்றைக்குச் சில்லைத் திருப்பும்போது நெஞ்சுக்குள் ஒன்று நிமிர்ந்தது. பதினோராயிரம் பேர் பார்த்த நாளில் வந்தது வேறு. அது நுரைபோல வந்து, வந்த வேகத்திலேயே இன்னும் கேட்டது. இது எதையும் கேட்கவில்லை. அப்பா இதைக் காணவில்லையே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, காணாவிட்டால் என்ன, அவர் துப்புரவாக்கிய வாய்க்காலிலேதானே நிற்கிறேன் என்று எண்ணிக்கொண்டாள். பெருமை என்று அதற்குப் பெயர் வைக்க முதலில் கூச்சமாக இருந்தது. பின்னர் வைத்தாள்.

கதிர் முற்றியது. அறுவடைக்கு இரண்டு நாள் இருக்க அன்னபாக்கியம் அவளைக் காணிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கிழக்கு மூலையில், ஒரு அறை அளவு நிலத்தில், கதிர்கள் பாரமில்லாமல் நேராக நின்றன. அன்னபாக்கியம் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இது உன்ரை சுவிஸ்காரிக்கு."

சிவரூபி தலையை ஆட்டினாள். "ஓம் அக்கா."

"அங்காலை பார்."

அங்காலே நெல் தலை சாய்த்து நின்றது. கடைசிக் காணியிலிருந்து தலைக்காணி வரை ஒரே மஞ்சள். வழக்கமாகத் தலை முந்தி விளைந்து காய, கடை இன்னும் பச்சையாகக் கிடக்கும். அறுக்கிற மெசின் இரண்டு தரம் வர வேண்டியிருக்கும். இந்த முறை பதினொரு காணியும் ஒன்றாக நின்றன.

"முப்பது வருசத்திலை நான் இப்பிடிக் காணேல்லை," என்றார் அன்னபாக்கியம். "அந்த மூலையை நான் மறக்கமாட்டன். அதையும் சொல்லிப்போட்டன்."

"மறக்கவேண்டாம் அக்கா. நானும் மறக்கேல்லை."

குளத்துப் பக்கமிருந்து காற்று வந்து மஞ்சளை ஒரு பக்கமாகச் சரித்தது. 'எங்கள் ஏழாம் வாய்க்கால், கடை முதல் தலை வரை' என்று மனதுக்குள் ஒரு வரி தானாக எழுதப்பட்டது. அதைப் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று மனம் எண்ணவும் தொடங்கியது. தான் அப்படி எண்ணுவதைக் கவனித்தாள். தாகம் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. அதன் முறை ஏழு மணிக்கு வரும். இப்போது நேரம் மூன்று.

முடிவுக் கூட்டம் அறுவடை முடிந்து இரண்டாம் கிழமை நடந்தது. ஐயாத்துரை கண்ணாடியைத் துடைத்தார். சிவரூபி இரண்டாம் வரிசையில், அன்னபாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: திறப்பைக் கொடுக்க வேண்டுமா, வைத்திருக்கலாமா. பதினைந்து வாய்க்காலின் விபரமும் வாசிக்கப்பட்டது. ஏழாவது வந்தபோது ஐயாத்துரை தலையை நிமிர்த்தினார்.

"இந்தப் பிள்ளை இந்த மண்டபத்திலை எழும்பி நிண்டு தன்ரை பிழையைச் சொன்னது. பிறகு என்ன செய்தது எண்டதையும் எல்லாரும் பாத்தனீங்கள். ஏழாம் வாய்க்கால் ஒரே நாளிலை அறுத்து முடிச்சிருக்கு. எட்டாம் வாய்க்கால்காரர் சொல்லுகினம், ஆறு மணி எண்டால் பலகை இறங்கிற சத்தம் கேக்குமாம்."

கைதட்டினார்கள். பின்வரிசையிலும் கைதட்டும் சத்தம் கேட்டது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"ஆனபடியால் நாங்கள் ஒண்டு யோசிச்சிருக்கிறம்," என்றார் ஐயாத்துரை. "மாரியிலை வாற காலபோகத்திலையிருந்து பதினைஞ்சு வாய்க்காலுக்கும் சேர்த்து அமைப்புக்கு ஒரு பக்கம், ஒரு குறூப். வெளிநாட்டிலை இருக்கிற காணிக்காரரும் அதிலை வருவினம். குளத்துத் துருசு திறந்து தண்ணி விடுறதை லைவா காட்டலாம். ஆக்கள் எந்த நேரம் கேட்டாலும் உடனை பதில் சொல்ல ஒராள் வேணும். பிள்ளையைப் போலை அதிலை கெட்டிக்காரி இஞ்சை இல்லை. ஊடகப் பொறுப்பாளர் எண்டு நிருவாகத்திலை ஒரு இடமும் தாறம், மேடையிலை எங்களோடை இருக்கக் கதிரை. வாய்க்காலை இனி முத்துலிங்கம் பாப்பான். ஆம்பிளை, ஓடியாடித் திரிவான். உனக்கும் வெய்யிலிலை அலைச்சல் இல்லை."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்தது. மேடையில் கதிரை. பொன்னையாவின் மகளுக்கு. மண்டபம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முத்துலிங்கம் ஏற்கனவே பாதி சிரித்த முகத்தோடு இருந்தான். எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பக்கத்துக்கு வருவார்கள் என்று மனம் ஒரு நொடியில் எண்ணிப் பார்த்தது. அவர்கள் எல்லோரும் எந்த நேரமும் கேட்பார்கள். அவள் எந்த நேரமும் இருப்பாள். விடியலிலிருந்து பொழுதுபடும் வரை பலகை உயர்ந்தபடியே நிற்கும். முறை என்று ஒன்று இருக்காது. இரண்டு மணிக்கு வேறொருவர் வாசலில் நிற்பார், அவரை அவள் திரையில் பார்ப்பாள்.

உயர்த்துகிறார்கள். உயர்த்துகிற அதே கையால் எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. கோபம் வரவில்லை. தனக்கு எது பெரியது என்பதில் சந்தேகம் இல்லாதபோது கோபம் வருவதில்லை என்று அப்போது கண்டுகொண்டாள்.

"என்ன பிள்ளை, சந்தோசம்தானே?" என்றார் ஐயாத்துரை.

அவள் எழுந்து நின்றாள்.

"உங்களுக்குப் பெரிய மனசு ஐயா. நன்றி. ஆனால் அது எனக்கு வேண்டாம்."

"ஏன் பிள்ளை? பெரிய பதவியெல்லோ!"

"ஓம் ஐயா, பெரியதுதான். வேறை ஆருக்கும் குடுங்கோ. நேரம் எப்பிடி வைக்கிறது எண்டு கேட்டால் சொல்லிக் குடுக்கிறன்." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு ஏழாம் வாய்க்கால் போதும்."